நாள் கைமாத்து

"இன்னிக்குமா அண்ணி?"

கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சத்தமில்லாமல் கிளம்பிவிடலாம் என்று செருப்பைக்கூடக் கையில் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துத்தான் வந்தாள். என்ன பிரயோஜனம்? நாத்தனார் விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

அரசாங்க விடுமுறை நாள். தெருவில் ஒரு கடை திறக்கவில்லை. ஒரு பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கவில்லை. ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க, இந்த வீட்டில் மட்டும் ஒருத்தி சாப்பாட்டு டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டிருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மாமியாரே சில சமயம் வாய் தவறி "அண்ணி, அந்தத் தண்ணியை எடு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

"இன்னிக்கு மட்டும்தான் குட்டி… இதோட முடிஞ்சுது. அடுத்த வாரத்திலேர்ந்து உனக்குப் பிரசவம் ஆகிற வரைக்கும் உன் பக்கத்தை விட்டு நகர மாட்டேன். லீவெல்லாம் சேர்த்து வெச்சிருக்கேன்டி!"

"வேணாம்." குட்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்க லீவை நீங்களே வெச்சுக்குங்க. எங்கயாவது ஊர் சுத்தப் போகலாம்."

எட்டு வயதில் சடையைப் பின்னிவிடச் சொல்லி மடியில் வந்து உட்கார்ந்த பெண். காய்ச்சல் வந்தால் பெற்ற தாயைத் தேடாமல் அண்ணியைத் தேடிய பெண். இன்று ஆறு மாத வயிற்றோடு படுத்துக்கொண்டு முகத்தைக்கூடக் காட்ட மாட்டேன் என்கிறாள்.

போன தடவை ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிவிட்டது. இந்தத் தடவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுந்து நடக்கக் கூடாது, ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, பகலும் இரவும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். குட்டியின் புருஷன் கப்பலில் வேலை பார்ப்பவன். கடலில் போகிறவனை வா என்றால் உடனே வந்துவிட முடியுமா? அதனால்தான் அம்மா வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அம்மாவோ குனிந்து நிமிர முடியாதவள். அண்ணனோ டயர்க் கடையே கதி என்று கிடப்பவர். மிச்சம் யார்? அண்ணிதான்.

"ஊருக்கே லீவு! உனக்கு மட்டும் என்னடி அப்படி ஒரு வேலை?" உள்ளேயிருந்து அண்ணியின் புருஷன் குரல் பாய்ந்து வந்தது. "புள்ளைத்தாச்சிப் பொண்ணை விட்டுட்டு விடுமுறை நாள்ல ஓடுறியே, மனசாட்சி இருக்கா உனக்கு?"

அவருடைய டயர்க் கடையும் மத்தியானம் திறக்கத்தான் போகிறது. அதை யார் கேட்பது? அண்ணி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அவளுக்கு மாத்திரை எடுத்துக் குடுங்க. கஞ்சி அடுப்பு மேலேயே இருக்கு. பாத்திரத்தைத் தூக்கிடாதீங்க, கரண்டியால எடுத்து ஊத்துங்க…" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், தெருமுனை திரும்பிய பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் சுத்தப் போகலாமாம். எதைச் சொல்கிறாள் என்று அண்ணிக்குத் தெரியாதா? மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமியாரும் மருமகளும் மூன்று வாரம் வெளியூரில் சித்தி வீட்டில் போய்த் தங்கினார்கள். வருஷ லீவு முழுவதையும் அண்ணி அதற்கே எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் குட்டிக்குக் குழந்தை தவறிப்போனது. "அண்ணி, வாங்க… எனக்குப் பயமா இருக்கு" என்று போனில் அலறினாள். அண்ணி லீவுக்குக் கெஞ்சினாள், அழுதாள், சூப்பர்வைசரின் காலில் விழாத குறைதான். "வருஷ லீவை மொத்தமா எடுத்தாச்சே. இனி ஒரு நாள் வராட்டியும் வேலை கிடையாது" என்றுவிட்டார்கள். அந்த மாதம் டயர்க் கடையும் மூடிக் கிடந்தது. அவள் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. போகவில்லை. யாருமில்லாத ஆஸ்பத்திரி வார்டில் குட்டி தனியாக அந்தச் செத்த சிசுவைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

சித்தி வீட்டில் என்ன நடந்தது என்பது அண்ணிக்கும் மாமியாருக்கும் மட்டும்தான் தெரியும். மாமியார் அடி இறங்கி, உட்கார முடியாமல், நிற்க முடியாமல், வெளியே சொல்ல வெட்கப்பட்டு வருஷக் கணக்காகத் துணியை மடித்து வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருந்தாள். கடைசியில் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். "பசங்களுக்குத் தெரிஞ்சா நான் உயிரோட இருக்க மாட்டேன். பொண்ணு வேற வாயும் வயிறுமா இருக்கா, கேட்டாப் பயந்துடுவா. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு!" அண்ணி அடித்துச் சத்தியம் பண்ணினாள். அந்த மூன்று வாரமும் மூத்திரத் துணி அலசினாள், புண்ணுக்கு மருந்து வைத்தாள். வீட்டில் எல்லோரும் மாமியாரும் மருமகளும் உல்லாசப் பயணம் போய் வந்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடம். உள்ளே நுழைந்ததுமே ப்ளீச்சிங் பவுடர் நெடி மூக்கைப் பிடுங்கும். ஒரு பக்கம் ராட்சத டிரம்கள் கடகடவென்று சுழலும். இன்னொரு பக்கம் ரோலர். ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து உள்ளே விட்டால், அந்தப் பக்கம் சுடச்சுட மொடமொடவென்று வரும். ஒரு நொடி கவனம் தப்பினால் விரல் வெந்துவிடும். அண்ணி அந்த ரோலருக்கு முன்னால் பத்து வருஷமாக நிற்கிறாள். இங்கே அவளுக்கு இஸ்திரியக்கா என்று பெயர்.

நோயாளிக்கு விடுமுறை உண்டா? படுக்கை விரிப்புக்கு விடுமுறை உண்டா? அதனால் விடுமுறை நாளிலும் பாதிப் பேர் வந்தாக வேண்டும். வந்தால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் பதிலுக்கு வேறொரு நாள் சம்பளத்தோடு லீவு. மற்றவர்கள் சம்பளத்தை வாங்கிக்கொள்வார்கள். அண்ணி மட்டும் மூன்று வருஷமாக, "எனக்குக் காசு வேணாம், நாள் போடுங்க" என்று சொல்லிவந்தாள். குட்டிக்கு அடுத்த பிள்ளை தரிக்கும்போது கை விரித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம்.

அது கம்பெனியிடம் சேர்ந்த நாள். குட்டிக்குக் குழந்தை தவறிய பிறகு, இனி ஒருத்திக்கும் அந்தக் கதி வேண்டாம் என்று பெண்களுக்குள் இன்னொரு புழக்கமும் வந்திருந்தது. அதற்குக் கைமாத்து என்று பெயர். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்குகிற மாதிரி ஒருத்தியிடம் ஒருத்தி நாளைக் கடன் வாங்குவார்கள். "அக்கா, பையனுக்கு அம்மை போட்டிருக்கு, ஒரு நாள் கைமாத்து குடு" என்றால், குடுப்பவள் தன்னுடைய வார ஓய்வு நாளில் வந்து, அவள் பெயரைக் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று சொல்லி, அவள் இடத்தில் நிற்பாள். சூப்பர்வைசரும் கண்டுகொள்ள மாட்டார். எழுத்துமில்லை, சாட்சியுமில்லை, எல்லாம் வாய்ச்சொல்தான். அந்தக் கூடத்தில் இஸ்திரியக்காவிடம் கைமாத்து வாங்காதவள் ஒருத்திகூட இல்லை.

அன்று பத்து மணிக்கு ரோலரை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டார்கள். சட்டை கசங்காமல் ஒருவர் வந்து நின்றார். புது மேனேஜராம்.

"ஒண்ணாம் தேதியிலேர்ந்து இந்த வேலையைப் புதுக் கம்பெனி எடுத்து நடத்துது. நீங்க எல்லாரும் இங்கயே இருக்கலாம், பயப்படாதீங்க. ஆனா பழைய லீவு, பதில் நாள் எல்லாம் பழைய கம்பெனியோட போச்சு. எங்ககிட்ட நீங்க எல்லாரும் புதுசு. ஒரு வருஷம் வேலை பார்த்த பிறகு லீவைப் பத்திப் பேசுவோம்."

"அப்ப இன்னிக்கு விடுமுறையில வந்து வேகுறோமே, அதுக்கு ரெட்டைச் சம்பளம்?" என்று கேட்டாள் வண்டியக்கா. வார்டு வார்டாக அழுக்குத்துணி வண்டி தள்ளுகிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

"அதையெல்லாம் பழைய கம்பெனியைப் போய்க் கேளுங்க."

அண்ணிக்குக் கால் தானாக முன்னால் போயிற்று. "சார்… நான் நாள் சேர்த்து வெச்சிருக்கேன் சார். மூணு வருஷமா ஒரு விடுமுறைகூட வீட்டுல இருந்ததில்லை சார்… அடுத்த வாரத்திலேர்ந்து எனக்கு அது வேணும். வீட்டுல புள்ளைத்தாச்சி…"

"நாளைச் சேர்த்து வைக்கிறதுக்கு இது என்ன பேங்க்காம்மா?"

"அது யாரும் எனக்குச் சும்மா குடுத்தது இல்ல சார். நான் உழைச்ச நாள்!"

"உங்களுக்கு லீவு வேணும்னா தாராளமா வேலையை விட்டுட்டுப் போங்க, ஆயுசுக்கும் லீவுதான்." அவர் சிரித்தார். தன் நகைச்சுவை தனக்கே பிடித்துவிட்டது போலிருக்கிறது. "இதோ பாருங்கம்மா, எனக்கு அந்த ரோலர் நிக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி யார் நிக்கிறாங்கன்னு எனக்கு அக்கறை இல்ல."

பாவி மனுஷன்! மூன்று வருஷத்தை ஒரு நிமிஷத்தில் துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அண்ணி பாய்லருக்குப் பின்னால் போய், கழுத்துத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். தேடி வந்த வண்டியக்கா முதுகைத் தடவினாள். "எங்ககிட்ட உன் கைமாத்து இருக்கேக்கா… வாயைத் திறந்து கேளேன்!"

"எப்படிடி கேப்பேன்? ஆளாளுக்கு வீட்டுல ஒரு இழவு. கஷ்டத்துக்குக் குடுத்ததை வட்டிக்காரி மாதிரி வந்து கேக்கவா? வேணாம்டி. என் தலையெழுத்து என்னோட போகட்டும்."

அதே மத்தியானம் புருஷனின் டயர்க் கடையில் வேறொரு கூத்து நடந்தது. ஒரு பெண் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சலவைக்கூடத்தில் நோயாளிகளின் அங்கிக்குக் கிழிசல் தைத்து, பொத்தான் வைக்கிறவள். அவளைப் பொத்தான் என்றே கூப்பிடுவார்கள். அன்று அவளுக்கு ஓய்வு நாள்.

"நீங்க இஸ்திரியக்கா வீட்டுக்காரர்தானே அண்ணே? அக்கா தெய்வம் அண்ணே! அவங்க மட்டும் இல்லைன்னா எங்கம்மா பக்கவாதத்துல கிடந்தப்ப நான் செத்திருப்பேன். நான் ஒருத்தியே அவங்ககிட்ட பத்து கைமாத்து வாங்கியிருக்கேன். வண்டியக்கா பன்னெண்டு. அங்க அக்கா குடுக்காத ஆளே கிடையாது. ஒரு நாள்கூடத் திருப்பிக் கேட்டதில்ல!"

நன்றி சொல்லத்தான் வந்தாள் பாவம். சைக்கிளுக்குக் காற்று ஏற்றினாளோ இல்லையோ, அந்த மனுஷனுக்கு நன்றாக ஏற்றிவிட்டுப் போய்விட்டாள்.

அண்ணி பொழுது சாய வீட்டுக்குள் காலை வைத்ததும் வெடித்தது.

"வாம்மா, வள்ளல் மகளே வா! பத்தாயிரம்! ஒருத்திக்குப் பத்தாயிரம், இன்னொருத்திக்குப் பன்னெண்டாயிரம்! ஊருக்கெல்லாம் கைமாத்து குடுத்துட்டு, இங்க என் தங்கச்சிக்கு ஊசி மருந்து வாங்க நான் கடை சாமானை அடகு வைக்கிறேன்! எத்தனை நாளாடி இந்த நாடகம்?"

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது. சிரிப்பென்றால் சந்தோஷச் சிரிப்பா? வயிறெரிந்து வருகிற சிரிப்பு. "ஐயோ… ஆயிரம் இல்லீங்க! பத்து நாள்! அவளுக்குப் பதிலா பத்து நாள் நான் போய் நின்னேன். நாங்க நாளைத்தான் கைமாத்துக் குடுப்போம்…"

"நாளைக் கைமாத்தா?" அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அடுத்து என்ன, காத்தைக் கைமாத்துக் குடுத்தேன்னு சொல்லுவியா? கேக்கிறவன் கேனையனா இருந்தா எருமை ஏரோப்ளேன் ஓட்டுமாம்! சிரிக்கிறா பாரு, சிரிக்கிறா!"

"சத்தியமாங்க!"

"விடுண்ணா." குட்டி படுத்தபடியே பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "காசோ, நாளோ… ஊருக்கெல்லாம் அவங்ககிட்ட இருந்திருக்கு. எனக்குத்தான் இல்ல. அண்ணி, அடுத்த வாரத்திலேர்ந்து லீவுன்னு காலையில சொன்னீங்களே, அதாவது நிஜமா?"

எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்தால் மட்டும் மாறிவிடுமா?

"லீவு… இல்லேன்னுட்டாங்க குட்டி. புதுக் கம்பெனி வந்து எல்லாத்தையும் அழிச்சுட்டாங்கடி…"

குட்டி தலையை ஆட்டினாள். "எனக்குத் தெரியும். எனக்குன்னு வர்றப்ப உங்களுக்கு எப்பவும் லீவு இருக்காது. சித்தி வீட்டுல போய் மூணு வாரம் ஜாலியா இருக்க இருந்துச்சு. என் புள்ளை செத்தப்ப இல்ல." மெதுவாகக் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். "நான் என் வீட்டுக்கே போறேன். அங்க யாரும் இல்லைன்னாவது தெரியும். இங்க எல்லாரும் இருந்தும் இல்ல…"

"எழுந்திரிக்காதே! ஐயோ குட்டி, எழுந்திரிக்காதேடி!" அண்ணி பாய்ந்துபோய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், படு! அந்தப் புள்ளைக்காகப் படு! நான் வேலையை விடறேன். நாளைக்கே போய் எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்!"

"வேலையை விட்டா?" புருஷன் பாதிக் காற்று போனவராகக் கேட்டார். "கடையில சாமானே இல்ல. வீட்டு வாடகை? இவ மருந்து?"

"தெரியாதுங்க! எனக்கு ஒண்ணும் தெரியாது! அன்னிக்குச் சோத்தைப் பாத்தேன், ஒரு புள்ளை போச்சு. இன்னொரு தடவை என்னால முடியாது!"

குட்டி மறுபடி படுத்தாள். ஆனால் கால் மேல் இருந்த அண்ணியின் கையை விலக்கிவிட்டுத்தான் படுத்தாள். மூலையில் மாமியார் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணியின் கண் ஒருமுறை அவளிடம் போய்த் திரும்பியது. அவ்வளவுதான். சத்தியம் சத்தியம்தானே!

மறுநாள் காலையில் அண்ணி சாப்பாட்டு டப்பா எடுக்கவில்லை. வேலையை விடுகிறவளுக்கு டப்பா எதற்கு? பத்து வருஷம் போட்ட ஏப்ரனை மட்டும் துவைத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். கம்பெனிப் பொருள், திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு கூட்டமே நின்றது. வண்டியக்கா, பொத்தான், டிரம் ஓட்டுகிற இரண்டு பேர், மடிப்பு மேஜைப் பெண்கள். செருப்பை உதறிவிட்டு எல்லோரும் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள்.

"எங்கக்கா கிளம்பிட்டே? ஏப்ரனும் கையுமா?" வண்டியக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ கேக்க மாட்டே. உனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வரும். நாங்க குடுக்கக் கூடாதுன்னு எவ சொன்னா? நேத்தே எல்லார் வீட்டுக்கும் போய்ப் பேசிட்டேன். திங்கக்கிழமை நான், செவ்வாய்க்கிழமை இவ, புதன் டிரம்காரி… ஆளுக்கு அவங்கவங்க ஓய்வு நாள்ல உன் ரோலர்ல நிப்போம். உன் பேரைக் கூப்பிட்டா 'இருக்கேன்'னு சொல்லுவோம். புள்ளை பொறந்து தலை நிக்கிற வரைக்கும் நீ அந்தப் பக்கமே வராதே!"

"மேனேஜர் விட மாட்டாருடி…"

"அந்த ஆள் வாயாலயே சொன்னானே, ரோலர் நிக்கக் கூடாது, யார் நிக்கிறாங்கன்னு அக்கறை இல்லைன்னு! எங்க எல்லார் காதுலயும் விழுந்துச்சு. இப்ப அக்கறை வந்தா நாங்க கேட்டுக்கறோம்." வண்டியக்கா குரலைத் தணித்தாள். "இது எங்க கைமாத்து. இதை எந்தக் கம்பெனி வந்தாலும் அழிக்க முடியாது. அவங்க முழுங்கின நாளுக்கு லேபர் ஆபீசுல மனு குடுக்கப்போறோம், எல்லாரும் கையெழுத்துப் போடறோம். விடுமுறைச் சம்பளமும் லீவும் பிச்சையா என்ன? நம்ம வேர்வை!"

புருஷன் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். "அப்ப… பத்துன்னா… பத்து நாளா?"

"பின்னே என்னண்ணே?" பொத்தான் கண்ணை அகல விரித்தாள். "பத்தாயிரமா? பத்தாயிரம் இருந்தா நான் எதுக்கு ஊசியும் நூலுமா நோயாளி அங்கிக்குப் பொத்தான் வெச்சுக்கிட்டுக் கிடக்கறேன்? அக்காகிட்ட ஏதாவது சொன்னீங்களா? ஐயையோ… சொல்லிட்டீங்களா?"

அவருக்கு வாயெல்லாம் நுரை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எல்லாம் தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தீரவில்லை. படுக்கையிலிருந்து ஒரு விம்மல் கேட்டது.

"இத்தனை பேருக்குக் குடுத்திருக்கீங்க அண்ணி…" குட்டி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இத்தனை பேர்! எனக்கு அன்னிக்கு ஒரே ஒரு நாள் குடுத்திருக்கக் கூடாதா? எவ்வளவு கூப்பிட்டேன்! அது கறுப்பா, இத்தனூண்டா கிடந்துச்சு அண்ணி… நான் தனியா பாத்துக்கிட்டு இருந்தேன். என்மேல மட்டும் ஏன் அண்ணி உங்களுக்கு இரக்கமில்லாமப் போச்சு?"

அண்ணி அசையாமல் நின்றாள். கண்ணீர் மட்டும் தாரை தாரையாக ஓடியது. பதில் தொண்டைக்குழி வரைக்கும் வந்து நின்றது. மூன்று வருஷமாக அங்கேதான் நிற்கிறது.

"அவளைக் கேக்காதே!"

மாமியார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தள்ளாடி வந்து, எல்லோருக்கும் நடுவில் நின்றாள்.

"என்னைக் கேளு. உன் நாளைத் தின்னவ நான்தான்! சித்தி வீட்டுக்கு நாங்க ஊர் சுத்தப் போகலடி… எனக்குக் கர்ப்பப்பை இறங்கி வெளியே தொங்கிக்கிட்டிருந்துச்சு. அங்க ஆஸ்பத்திரியில அதை அறுத்து எடுத்தாங்க. இவ… இவ என் பீ மூத்திரம் அள்ளினாடி! நான் பெத்தவ நீ, செய்யலை. எங்கேயோ பொறந்தவ செஞ்சா! அவ லீவு மொத்தமும் என் புண்ணுக்குப் போச்சு. நீ அலறினப்ப அவகிட்ட மிச்சம் இல்ல. அவ போனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா, நான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ அவளைச் சபிச்சே, அதையும் கேட்டுக்கிட்டு இருந்தேன். வெளியே சொன்னா மானம் போயிடும்னு வாயைத் தெச்சுக்கிட்டேன். என் மானத்துக்காக அவ மானத்தை வித்துட்டேன்டி!"

தலையிலடித்துக்கொண்ட கையை அண்ணி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, வேணாம் அத்தை… சத்தியம் பண்ணிக் குடுத்தேனே, நீங்களே உடைச்சுட்டீங்களே…"

பெற்ற மகனுக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. அம்மா எதனால் குனிய முடியாமல் இருக்கிறாள் என்று மூன்று வருஷமாக அவர் ஒரு தடவை கேட்டதில்லை.

குட்டி கையை நீட்டினாள். நேற்று விலக்கிய அதே கை. "அண்ணி…" என்றாள். பிறகு அதுவும் சொல்ல முடியாமல், "அண்ணி, இங்க வாங்க… என்னால எழுந்திரிக்க முடியாதே, நீங்க வாங்க…" என்று குழந்தை மாதிரி தேம்பினாள்.

அண்ணி போய் விழுந்தாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து, வாய் நீளமான வண்டியக்காவே ஜன்னல் பக்கம் போய் மூக்கைச் சிந்தினாள். "என்னை அடிங்க அண்ணி! எவ்வளவு பேசிட்டேன்! என்னை அடிச்சுடுங்க!" என்றாள் குட்டி.

"போடி… உன்னை அடிக்கவா உனக்குச் சடை பின்னி வளத்தேன்?"

புருஷன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நின்றார். வண்டியக்கா கையிலிருந்த ஏப்ரனை வாங்கிச் சுவர் ஆணியில் மாட்டினார். "வேலையை விட வேணாம்" என்று மட்டும் சொன்னார். "இங்க இரு. கஞ்சியை நான் வெக்கறேன்." கஞ்சி அடிப்பிடித்துப் போனது. அது வேறு கதை.

லேபர் ஆபீஸ் மனு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மேனேஜர் இரண்டு தடவை வந்து சண்டை போட்டார். பெண்கள் அவர் சொன்ன வார்த்தையையே அவரிடம் திருப்பிச் சொன்னார்கள். ரோலர் ஒரு நாளும் நிற்கவில்லை. அதன் முன்னால் தினம் ஒரு இஸ்திரியக்கா நின்றாள்.

அடுத்த விடுமுறை நாளும் வந்தது. பழக்கதோஷம் விடுமா? விடிவதற்கு முன்பே அண்ணி எழுந்து, தலையை வாரி முடிந்து, சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்துவிட்டாள். கதவுப் பக்கம் போன பிறகுதான் நினைவு வந்தது.

"இன்னிக்குமா அண்ணி?" படுக்கையிலிருந்து குரல் வந்தது. ஒன்பது மாத வயிறு மலைபோல் உயர்ந்திருந்தது. குரலில் சிரிப்பு இருந்தது.

அண்ணி டப்பாவைக் கீழே வைத்தாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குட்டி அவள் கையைப் பிடித்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது.

"இன்னிக்கு இல்லடி" என்றாள் அண்ணி. "இன்னிக்கு எனக்கு லீவு."